ஏரியும் பூங்காவும் பார்த்தாயிற்று, அப்புறம்? நீலகிரி கேள்வி பதில்

கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படகர் ஊரில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கோடை விடுமுறைக்கு முன்னால் நீலகிரி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. நல்ல டீ எங்கே, மலிவான அறை எங்கே என்பதெல்லாம் எனக்குத் தெரியாத சமாச்சாரம். மற்றவற்றுக்குச் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா: ஐயா, மூன்று தடவை ஊட்டி வந்துவிட்டோம். ஏரி, பூங்கா, தொட்டபெட்டா எல்லாம் முடிந்தது. பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 9. ஒரு நாள்தான் இருக்கிறது. புதிதாக என்ன காட்டலாம்?

முத்தொரைப் பாலாடா சாலையைப் பிடியுங்கள் அம்மா. கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் சரிவுகளுக்கு நடுவே, மலையில் சாய்த்துப் படுக்க வைத்த மாதிரி ஒரு நீண்ட கம்பிக் கூடு தெரியும். அதுதான் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வரிசையாக 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டு விஞ்ஞானிகளே வடிவமைத்து 1970-இல் இயங்கத் தொடங்கியது.

இதை ஏன் இந்தச் சரிவில் கட்டினார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை. ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. வடக்குத் தெற்காக ஏறக்குறைய அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அதன் மேல் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் நீளம் பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் அம்மியில் குழவி உருள்வது போல் அதை ஒரே வாக்கில் திருப்பினால் போதும், வானத்தில் நகரும் ஒரு பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். பெரிய இயந்திரங்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை மலையே செய்துவிட்டது. வானத்தில் ரேடியோ அலைகளை அனுப்பும் ஒரு பொருளை, அதாவது ஒரு ரேடியோ மூலத்தை, நிலா மறைக்கும் கணத்தை அளந்து, அந்த மூலத்தின் அளவையும் இடத்தையும் கண்டுபிடிப்பதுதான் இங்கே முதலில் செய்த வேலை.

உள்ளே போக முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம், அந்த நீளம் வெளியிலிருந்தே மிரட்டும்.

அதே பக்கம்தான் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகமும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு மக்களின் வாழ்க்கையையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். எந்த அருங்காட்சியகத்துக்குப் போவதானாலும் திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை இரண்டு வேன் நிறையப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், ஓர் இடத்தில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன். வழியெல்லாம் ஒரு பயல் "சார், பூட்டு எந்த நூற்றாண்டு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

அதே அம்மா: அந்தத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்க முடியுமா என்று பையன் கேட்கிறான்.

முடியாது கண்ணு. அதற்குக் கண் கிடையாது, காதுதான். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை வாங்கிக் கணினிக்குக் கொடுக்கும். பகலிலும் மேகம் மூடிய நாளிலும் வேலை செய்யும். மழைக்கால நீலகிரியில் வேறு எந்தத் தொலைநோக்கிக்கு அந்த யோகம்?

சேலத்திலிருந்து கல்லூரி மாணவர்: சார், ஊட்டியைக் கண்டுபிடித்த ஜான் சல்லிவன் கட்டிய முதல் வீடு கல் பங்களாதானே? அதை உள்ளே போய்ப் பார்க்கலாமா?

தம்பி, இரண்டு திருத்தம். முதலாவது, 'கண்டுபிடித்த' என்ற சொல்லை விட்டுவிடுவோம். அவர் வருவதற்கு முன்னால் இங்கே தோடர் மந்துகளும் கோத்தர் கோக்கால்களும் எங்கள் படகர் ஹட்டிகளுமாக ஊர்கள் இருந்தன. கல் பங்களா நிற்கிற நிலமே தோடர்களிடம் வாங்கியதுதான்.

இரண்டாவது, முதல் வீடு ஊட்டியில் இல்லை, கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில். அப்போது நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தில் சேர்ந்திருந்தது, சல்லிவன் அதன் கலெக்டர். 1818-இல் மேலே ஏறிவந்த இரண்டு இளம் அதிகாரிகள் இந்தக் குளிரைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, 1819-இல் தானே வந்தார். கன்னேரிமுக்கில் தங்கி வீடு கட்டினார். ஊட்டிக் கல் பங்களா வேலை 1822-இல்தான் தொடங்கியது. அது இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, சுற்றுலாத் தலம் அல்ல. கன்னேரிமுக்கு வீடோ ஒரு காலத்தில் இடிந்து கிடந்து, பிறகு புதுப்பிக்கப்பட்டு நினைவகமாகிவிட்டது. பழைய படங்கள், ஆவணங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். கூட்டமே இருக்காது. எனக்கு நீலகிரியில் மிகப் பிடித்த அருங்காட்சியகம் இதுதான். என் ஊர்ப் பக்கம் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம்.

ஊட்டிக்குப் போனால் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கும் போய் வாருங்கள். 1829-இல் அடிக்கல் நாட்டியது. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் வண்ணக் கண்ணாடி சன்னல்களைப் பார்ப்பார்கள். நீங்கள் கூரையை அண்ணாந்து பாருங்கள். அந்த உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த மரம். போரில் தோற்ற அரசனின் மாளிகை மரம், ஜெயித்தவர்களின் கோயிலுக்குக் கூரை. பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் அடக்கமாகியிருக்கிறார்கள். சல்லிவன் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய் அங்கேதான் இறந்தார்.

மதுரையிலிருந்து ஒருவர்: மலை ரயிலுக்கு மேட்டுப்பாளையத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போனால் அதே அனுபவம்தானே?

இல்லைங்க. அழகு உண்டு, ஆனால் விஷயம் அங்கே இல்லை. பல் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும்தான். அங்கே 12 அடி போனால் ஓர் அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். என்ஜின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். முதல் பெட்டியின் முகப்பில் பிரேக்காரர் கொடியோடு நின்றுகொண்டு வழி பார்ப்பார்.

குன்னூர் வரை 1899-இல் வந்தது, ஊட்டிக்கு 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், இறங்குவதற்கு அதைவிடக் குறைவு. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நீராவி என்ஜினைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், மேட்டுப்பாளையம் வண்டி வரும் நேரத்துக்குக் குன்னூர் நிலையத்தில் போய் நில்லுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கும். அதைப் பார்ப்பதற்குப் பயண டிக்கெட் வேண்டாமே.

பெங்களூரிலிருந்து ஒரு தம்பி: ஸ்னூக்கர் பிறந்த மேசையைப் பார்க்கலாமா?

ஊட்டி கிளப் உறுப்பினர்களுக்கும் அவர்கள் விருந்தாளிகளுக்கும் மட்டும். ஆட்டம் பிறந்தது 1875-இல் ஜபல்பூரில். விதிமுறைகளை எழுதி மாட்டியதுதான் 1882-இல் ஊட்டியில்.

ஈரோட்டிலிருந்து ஓர் ஆசிரியை: கோத்தகிரி அருகே கரிக்கையூரில் பழைய பாறை ஓவியங்கள் இருக்கின்றனவாமே. மாணவிகளை அழைத்துப் போகலாமா?

இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரிய பாறை ஓவியத் தொகுப்புகளில் ஒன்று. ஆனால் தயவுசெய்து மாணவிகளோடு கிளம்பிவிடாதீர்கள். அது காட்டுக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. யானையும் கரடியும் நடமாடும் இடம். அதைவிட எனக்கு இன்னொரு பயம். இதற்கு முன்னால் போனவர்கள் ஓவியங்களின் மேலேயே பேரைக் கிறுக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடம் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கியது ஒரு சாக்பீஸுக்குத் தாங்கவில்லை.

நீலகிரியின் தொல்பொருளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால், விசித்திரமாகத்தான் இருக்கும், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். இங்கே மலை உச்சிகளில் வட்டமாகக் கல் அடுக்கிய ஈமச்சின்னங்கள் நிறைய உண்டு. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றில் பலவற்றைத் தோண்டினார். அவர் 1872-இல் இறந்தார், அடுத்த வருடம் அவருடைய நூல் வந்தது. எடுத்த பொருள்கள் எழும்பூருக்கும் லண்டனுக்கும் போய்விட்டன. மூடியின் மேல் எருமை போன்ற உருவங்கள் உட்கார்ந்திருக்கும் மண் தாழிகளைப் பார்க்கும்போது, எங்கள் மலைக்காரனாகிய எனக்குப் பெருமையும் வரும், வயிற்றெரிச்சலும் வரும்.

கோவையிலிருந்து ஒரு தங்கை: தோடர் மந்துக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

அது காட்சிக்கூடம் இல்லைம்மா, மக்கள் குடியிருக்கும் இடம். உங்கள் தெருவுக்குள் வேனில் வந்து இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் உங்கள் பாட்டியைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். முத்தநாடு மந்தில் கூம்பு மாதிரி உயர்ந்த கூரையுள்ள கோயில் இருக்கிறது, அபூர்வமானது. அதை எட்ட நின்றே பாருங்கள். தோடர் பெண்களே கோயிலை நெருங்குவதில்லை.

வாங்குவதாக இருந்தால் பூத்தையல் வாங்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோடு போட்டுக்கொள்ளாமல் இழையை எண்ணி எண்ணியே தைப்பார்கள். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தைத்தவர் கையிலேயே பணத்தைக் கொடுத்தால் இன்னும் நல்லது. பேரம் பேசாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு பெரியவர்: நடுவட்டத்தில் சீனக் கைதிகள் இருந்த சிறை என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான் ஐயா. மலேரியாவுக்கு மருந்தான குயினைன், சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வருவது. அந்த மரம் தென் அமெரிக்காவுக்குச் சொந்தம். 1860 வாக்கில் கிளமென்ட்ஸ் மார்க்கம் அங்கிருந்து நாற்றும் விதையும் கொண்டுவர ஏற்பாடு செய்தார். இங்கே வளர்த்தவர் மெக்ஐவர், ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே மனிதர். காட்டை வெட்டி மரம் நட ஆள் வேண்டுமே? மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை அந்த வேலைக்கு இறக்கினார்கள். தண்டனை முடிந்த சிலர் இங்கேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டதை, தென்னிந்திய மக்களைப் பற்றி எழுதிய ஆங்கிலேய ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார்.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் பைக்காரா தாண்டிப் போனால் நடுவட்டம். பெரும்பாலானோர் அருவியில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இப்போது அங்கே சுற்றிலும் தேயிலைதான். சிறைச் சுவருக்குள் நிற்கும்போது, தபால் நிலையத்தில் காகிதப் பொட்டலமாக விற்ற குயினைனை உங்கள் தலைமுறைக்கு யாராவது சொல்லியிருந்தால், ஞாபகம் வரும்.

கரூரிலிருந்து ஒருவர்: குறிஞ்சி எப்போது பூக்கும்?

2006, 2018. பன்னிரண்டு வருடக் கணக்குப்படி அடுத்தது 2030. நடுவில் யாராவது நீலமாக எதையாவது காட்டிக் குறிஞ்சி என்றால், அது வேறு ஆண்டுகளில் பூக்கும் அதன் சொந்தக்கார இனமாக இருக்கலாம்.

நாமக்கல்லிலிருந்து ஒரு தம்பி: கூட்டம் இல்லாமல் அசல் காடு பார்க்க வேண்டும்.

சுற்றுலா வருகிறவர்கள் காடு என்று படம் எடுப்பதில் பாதி கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்), வெள்ளைக்காரர் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த இனங்கள். அசல் நீலகிரி என்பது புல்வெளியும், மடிப்புகளில் ஒளிந்திருக்கும் சோலையும். கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலைக்கு வாருங்கள், சுமார் 116 ஹெக்டேர். குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, காலடியில் மெத்தை மாதிரி இலை மக்கு. அந்த மக்குதான் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடும். சுற்றியுள்ள ஊர்களுக்கு அதுதான் குடிதண்ணீர். 2024-இல் இதை உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது, காட்டை எப்படி ஈரநிலம் என்கிறார்கள் என்று எங்கள் ஊரில் பலர் கேட்டார்கள். என் அம்மா கேட்கவில்லை. குடம் எடுத்துப் போனவர்.

வனத்துறையிடம் சொல்லிவிட்டு நுழையுங்கள். காட்டுமாடு எதிரே வந்தால் செல்ஃபி வேண்டாம்.

ஓசூரிலிருந்து ஒருவர்: இ-பாஸ் கட்டாயமா? ஒரே நாளில் கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, நடுவட்டம் நான்கையும் முடிக்க முடியுமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம். அரசுப் பேருந்தில் வந்தால் வேண்டாம். விதி மாறக்கூடும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள், இல்லையென்றால் சோதனைச் சாவடியில் விட வேண்டி வரும்.

நான்கையும் முடிக்கலாம், கார் கண்ணாடி வழியாக. கோத்தகிரி கிழக்குக் கோடி, நடுவட்டம் மேற்குக் கோடி. ஒரு நாள்தான் என்றால் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கே வந்தால் காலையில் சோலை, மதியம் கன்னேரிமுக்கு. மேற்கே போனால் நடுவட்டம் வரை போய்விட்டு, திரும்பும் வழியில் பைக்காரா. ஸ்வெட்டர் இரண்டுக்குமே வேண்டும்.