வாசகர் கேள்வி பதில்: முதல்ல எல்சி, பிறகுதான் கார்

போன இதழ்ல வெளிநாட்டுல இருந்து சொந்தப் பாவனைக்கு கார் எடுக்கிறது பத்தி கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம், நிறைய வந்திருக்கு. 2020 மார்ச்ல பூட்டின இலங்கை வாகன இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரியிலதான் சாதாரண ஆக்களுக்குத் திறந்தது, அஞ்சு வருஷம் பொறுத்திருந்த சனம் கேக்காம இருக்குமா. ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்து ஆறுக்குப் பதில் சொல்றேன். தலைப்புல உள்ள எல்சின்னா, பேப்பர் சரியா வந்தா மட்டும் விக்கிறவனுக்குக் காசு குடுப்பேன்னு உங்க பேங்க் எழுதித் தாற கடிதம்.

என் கணவர் டோஹாவுல பதினொரு வருஷம் வேலை செஞ்சிட்டு திரும்பி வாறார். அங்க அவர்ட கார் ரெண்டு வருஷம் பழசுதான், நல்லா வச்சிருக்கார். வீட்டுச் சாமானோட சேர்த்து கப்பல்ல போட ஏலுமா அண்ணா?
வெள்ளவத்தை வாசகி

ஏலாது தங்கச்சி. கட்டார், டுபாய், சவுதி, குவைத் எல்லா இடமும் ஸ்டியரிங் இடது பக்கம், இங்க இடது பக்க ஸ்டியரிங் வாகனம் இறக்க விடமாட்டாங்க. காரை வீட்டுச் சாமான் கணக்குல சேர்க்கவும் ஏலாது, ஃபிரிட்ஜ் டிவி மாதிரி இல்ல, அதுக்குத் தனிச் சட்டம் தனி வரி. யாராவது ஸ்டியரிங்கை மாத்தித் தாறேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க, டேஷ்போர்டை வெட்டி ஏர்பேக் வயரைப் பிரிச்சுச் செய்ற வேலை அது, உயிரோட விளையாடுற விஷயம். அவர் காரை அங்கயே நல்ல விலைக்கு வித்திட்டு காசை பேங்க் மூலமா அனுப்பட்டும், இங்க வந்து ஆறுதலா பார்த்து வாங்கலாம்.

ஜப்பான் ஏல சைட்ல 1000 சிசி பெற்றோல் கார் ஒண்டு நம்ம காசுல 25 லட்சம் அளவுல கிடக்கு. அதே மொடலை இங்க கார் சேல்ல கேட்டா 80க்கு மேல சொல்றான். இது பகல் கொள்ளை இல்லையா?
கொட்டாஞ்சேனை வாசகர்

கொள்ளைன்னு சொல்ல முதல் ஒருக்கா கணக்கைப் பாருங்க ஐயா, நான் 2025ல இருந்த வீதத்தை வச்சே சொல்றேன். கார் விலையோட கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்தா அது சிஐஎஃப், அதை 30 லட்சம்னு வையுங்க. அதுல 20 வீதம் இறக்குமதித் தீர்வை, 6 லட்சம். அந்தத் தீர்வைக்கு மேல பாதி சர்சார்ஜ், இன்னொரு 3 லட்சம். பிறகு எக்சைஸ்ன்ற உற்பத்தி வரி, இதுதான் பெரிய அடி, உங்க 1000 சிசி பெற்றோல் காருக்கு 24 லட்சத்து 50 ஆயிரம். கடைசியா வாட் 18 வீதம், அது காரோட விலைக்கு மட்டும்னு நினைச்சிடாதீங்க, சிஐஎஃப்போட பத்து வீதம் கூட்டி அதுக்கு மேல தீர்வை, சர்சார்ஜ், எக்சைஸ் எல்லாத்தையும் சேர்த்து வாற 66 லட்சத்து 50 ஆயிரத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 12 லட்சம். வரி மட்டும் 45 லட்சத்துக்கு மேல போயிடுச்சு, கார் வாசலுக்கு வர முதலே 75 லட்சம் தாண்டியாச்சு. இதுக்கு மேல கஸ்டம்ஸ் வேலையைச் செஞ்சு தாற வார்ஃப் கிளார்க் காசு, துறைமுகச் செலவு, பதிவு, எல்சிக்கு பேங்க் எடுக்கிற கமிஷன் இருக்கு. 80 சொல்றவன் கொள்ளைக்காரன் இல்ல, 95 சொல்றவன்கிட்ட ஏன்னு கேளுங்க.

சிசி கூடக் கூட எக்சைஸ் சரியா ஏறும், அதோட பெற்றோல் கார் சிஐஎஃப் 50 லட்சம் தாண்டினா ஆடம்பர வரியும் சேரும், ஹைப்ரிட்டுக்கு அந்த எல்லை 55, எலக்ட்ரிக்குக்கு 60. இந்த வீதங்கள் வர்த்தமானியில அடிக்கடி மாறுறது, அதனால எல்சி திறக்கிற கிழமை உங்க வார்ஃப் கிளார்க்கிட்ட திரும்பவும் கணக்குப் போட்டு வாங்குங்க, மூணு மாசம் பழைய பேப்பரை நம்பாதீங்க.

ஃபேஸ்புக்ல ஒரு ஏஜென்ட் நல்ல மாதிரி கதைச்சார். ஏலம் மூணு நாள்ல முடியுது, அதுக்குள்ள பாதிக் காசை பேங்க் இல்லாம உண்டியல்ல அனுப்பினா காரை எடுத்துடலாம், பேப்பர் எல்லாம் பிறகு பாப்போம்ங்கிறார். அனுப்பலாமா?
தெஹிவளை வாசகர்

அனுப்பாதீங்க தம்பி, தயவுசெய்து அனுப்பாதீங்க. இந்தக் கேள்விய வாசிச்சதும் எனக்கு மனசு பதறிச்சு, ஏன்னா தடைக்கு முந்தின காலத்துல எங்க அக்கா வீட்டுக்காரர் இதே மாதிரித்தான் அவசரப்பட்டு ஒருத்தர்ட்ட காசு குடுத்தார். கார் வந்துச்சு, வரல்லன்னு இல்ல, ஆனா எல்சி இல்லாம வந்துச்சு. அது துறைமுகத்துலயே கிடந்து வாடகை ஏற ஏற, அக்கா காதுல இருந்த தோடு முதற்கொண்டு அடகு வச்சா, கடைசில அபராதம் கட்டி எடுக்கும்போது அதே காரை இங்க கார் சேல்லயே வாங்கியிருந்தா மிச்சம்ன்ற நிலைமை. அந்த ஏஜென்ட் போனைத் தூக்கவே இல்ல.

ஒழுங்கு இதுதான், மாத்திச் செய்யாதீங்க. முதல்ல ஏற்றுமதி செய்றவன்கிட்ட இருந்து சேசி நம்பர், உற்பத்தி மாசம், சிசி, விலை எல்லாம் போட்ட ப்ரோஃபோர்மா இன்வாயிஸ் வாங்குங்க. அதை எடுத்துட்டு உங்க பேங்குக்குப் போய் உங்க பேர்லயே எல்சி திறங்க. எல்சியோட அழகு என்னன்னா பேங்க் சும்மா காசு குடுக்காது, கார் கப்பல்ல ஏறினதுக்கான பில் ஒஃப் லேடிங், ஏத்த முதல் எடுத்த இன்ஸ்பெக்‌ஷன் சேர்ட்டிபிகேட், ஜப்பான்ல பதிவை வெட்டின எக்ஸ்போர்ட் சேர்ட்டிபிகேட், எல்சியில எழுதின பேப்பர் அத்தனையும் சரியா வந்தாத்தான் குடுக்கும். உண்டியல்ல போன காசுக்கு அந்தக் காவல் கிடையாது, துண்டுச்சீட்டு கூட மிஞ்சாது. பிறகு கார் அம்பாந்தோட்டையிலயோ கொழும்புலயோ இறங்கும், வார்ஃப் கிளார்க் கஸ்டெக்ன்ற கஸ்டம்ஸ் படிவம் போடுவார், வரி கட்டி எடுத்து ஆர்எம்வில, அதாவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிவு. பதிவை இழுத்தடிக்கவும் கூடாது, 90 நாளுக்குள்ள முடிச்சிடுங்க.

மூணு நாள்ல முடியிற ஏலம் முடியட்டும் தம்பி. ஜப்பான்ல கிழமைக்குக் கிழமை ஆயிரக்கணக்குல கார் ஏலத்துக்கு வருது, உங்க கார் அடுத்த கிழமையும் வரும்.

ஒக்‌ஷன் ஷீட்ல 4.5ன்னு போட்டிருந்தா நல்ல காரா? அந்தப் படத்துல உள்ள எழுத்தெல்லாம் என்ன?
மட்டக்குளி வாசகி

நல்ல கேள்வி அக்கா, ஏலக்காரர் காரைப் பார்த்துப் புள்ளி போட்ட தாள்தான் அது, காசு குடுக்கிற முக்கால்வாசிப் பேர் இதை வாசிக்கத் தெரியாமத்தான் குடுக்கிறாங்க. எஸ்னா புதுசு மாதிரி, 5, 4.5 நல்ல நிலைமை, 4 பரவாயில்ல, 3.5ல வேலை இருக்கும். ஆர் இல்லாட்டி ஆர்ஏ போட்டிருந்தா அடிபட்டுத் திருத்தின கார், விலை குறையிறது அதனாலதான். பக்கத்துல உள்ள இங்கிலீஷ் எழுத்து உள்ளுக்கு எப்பிடின்னு சொல்றது, ஏ, பி சரி, சி சுமார், டின்னா சீட்டெல்லாம் பழுது.

கார்ப் படத்துல ஏ எழுத்துன்னா கீறல், யூன்னா நெளிசல், டபிள்யூன்னா திருத்திப் பூசின அடையாளம், பக்கத்துல நம்பர் பெரிசானா காயமும் பெரிசு. எக்ஸ்எக்ஸ்னு இருந்தா அந்தத் துண்டை மாத்தியிருக்கான், ஒரு கதவுன்னா பயமில்ல, முன் பக்கம் முழுக்க எக்ஸ்எக்ஸ்னா விட்டுடுங்க.

முக்கியமானது, ஏஜென்ட் வட்ஸ்அப்ல அனுப்புற ஷீட்டை அப்பிடியே நம்பாதீங்க. எடிட் பண்ணி 3.5ஐ 4.5 ஆக்கிறதும் மைலேஜ்ல ஒரு இலக்கத்தை அழிக்கிறதும் நடக்கிற விஷயம். சேசி நம்பரை வச்சு அசல் ஷீட்டை எடுத்துத் தாற ஒன்லைன் சேவைகள் இருக்கு, சின்னக் காசுதான். இன்னொண்டு, ஜப்பான் கார் ரேடியோ பெரும்பாலும் 76ல இருந்து 95 வரைக்கும்தான் பிடிக்கும், நம்ம எஃப்எம் நிறைய அதுக்கு மேல கிடக்கு, கொழும்பு பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில ஒரு கன்வேர்ட்டர் போட்டா சரி.

லண்டன்ல இருக்கிற என் தம்பி தன்ட காரை எனக்குத் தாறேன்றான். ரெண்டு வருஷம் பத்து மாசம் ஆகுது. மூணு வருஷத்துக்குள்ளதானே?
பம்பலப்பிட்டி வாசகர்

வலது பக்க ஸ்டியரிங், அந்த அளவுல சரி. ஆனா பாவிச்ச காருக்கு இருக்கிற மூணு வருஷ வயசெல்லைங்கிறது உற்பத்தியான திகதியில இருந்து பில் ஒஃப் லேடிங் திகதி வரைக்கும், தம்பி ஷோரூம்ல வாங்கின நாள்ல இருந்து இல்ல. கார் செஞ்சு நாலு மாசம் ஷோரூம்ல நிண்டிருந்தா இப்பவே எல்லை தாண்டியாச்சு. தப்பி இருந்தாலும் ரெண்டே மாசத்துல பேப்பர் வேலை, இன்ஸ்பெக்‌ஷன், கப்பல்ல இடம் எல்லாம் முடியணும், ஒரு கப்பல் பிந்தினா அவ்வளவுதான். தம்பி சும்மா தந்தாலும் வரி சும்மா இல்ல, கஸ்டம்ஸ் காருக்கு ஒரு பெறுமதி போட்டு எடுக்கும். 2000 சிசி டீசல்ன்னா வேணவே வேணாம்னு சொல்லுவேன். பாசத்தோட தாறான், மனசு நோகாம விளங்கப்படுத்துங்க.

எனக்கும் மகனுக்கும் ஒவ்வொரு எலக்ட்ரிக் கார், ரெண்டையும் என் பேர்ல எடுக்கலாமா? எலக்ட்ரிக்குக்கு வரி குறைவாமே?
கொள்ளுப்பிட்டி வாசகர்

உங்க பேர்ல பன்னிரண்டு மாசத்துக்கு ஒண்டுதான், மகன்ட கார் மகன் பேர்ல வரட்டும்.

வரியைப் பொறுத்தவரை எலக்ட்ரிக்குக்கு சிசிக்குப் பதிலா மோட்டர் கிலோவாட். 2025 வீதத்துல புதுக் கார் 50க்கு மேல 100 கிலோவாட் வரைக்கும்ன்னா கிலோவாட்டுக்கு 24,100 ரூபா, அதுக்கு மேல 200 வரைக்கும் 36,200. 100 கிலோவாட் காருக்கு எக்சைஸ் 24 லட்சத்து 10 ஆயிரம், 150ன்னா 54 லட்சத்து 30 ஆயிரம். ஒரே மாதிரி பாடி, ஒரே சீட், மோட்டர் மட்டும் வேற, வித்தியாசம் 30 லட்சம். இதே 100, 150 சண்டையில 2025ல நிறைய எலக்ட்ரிக் கார் கஸ்டம்ஸ்ல மாட்டி நிண்டுச்சு, சனம் காசு கட்டிட்டு மாசக்கணக்கா காத்திருந்தாங்க. அதனால விக்கிறவன் வாயால சொல்ற நம்பர் போதாது, காரைச் செஞ்ச கொம்பனியே குடுத்த கடிதத்துல சேசி நம்பரோட மோட்டர் கிலோவாட் எழுதியிருக்கணும், அது கையில வந்த பிறகு எல்சிக்குக் கையெழுத்துப் போடுங்க.