லேத் மெசினில் கியர் தாங்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட் வெடித்துவிட்டது. ஒட்டிப் பாவிக்கலாமா?

பிராக்கெட் என்றால் தயங்காமல் ஒட்டுங்கள். வெடித்தது சக் (வேலைத்துண்டைப் பிடித்துச் சுழற்றும் பாகம்) என்றால் வேண்டாம் என்று சொல்லி இத்தோடு நிறுத்தியிருப்பேன். சுழலும் சக் பிளந்தால் துண்டு நேரே முகத்துக்குத்தான் வரும்.

எங்கள் பட்டறை திருகோணமலையில். முக்கால்வாசி வேலை மீன்பிடி வள்ளங்களின் புரொப்பெல்லர் சாஃப்ட். எங்கள் பழைய லேத்திலும் இதே பிராக்கெட்தான் வெடித்தது. நட்டை அளவுக்கு மீறி இறுக்கியதில் வந்த வினை (இறுக்கியது நான்தான்). வழக்கமான இரும்பு ரொட்டால் ஆர்க் வெல்டிங் செய்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மேசையில் 'டிக்' என்று ஒரு சத்தம். ஒட்டு அப்படியே இருக்க, அதன் ஓரத்தில் மயிரிழை போலப் புதிய வெடிப்பு.

வார்ப்பிரும்பில் காபன் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். உருகிச் சட்டென்று ஆறினால் ஒட்டின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஒட்டு சுருங்கி இழுக்கும், அந்த ஓரம் வளைந்து கொடுக்காது.

"தம்பி, இதுக்குப் பித்தளைதான் சரி" என்றார் பட்டறைக்கு வந்துபோகும் ஒரு பெரியவர். பித்தளைக் கம்பி ஏறக்குறைய 900 பாகை செல்சியஸில் உருகிவிடும், வார்ப்பிரும்பு உருக 1,150 வரை போகவேண்டும். அதனால் இரும்பு உருகாமலே ஒட்டுப் பிடிக்கும்.

நேரம் போவது ஒட்டுவதில் அல்ல, அதற்கு முந்திய வேலையில். முதலில் மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, சோக்குத் தூள் தடவுங்கள். வெடிப்பு எங்கே முடிகிறது என்று ஈரக்கோடு காட்டும். அந்த முனையைச் சற்றுத் தாண்டி 3 மில்லிமீற்றர் துளை போட்டால் வெடிப்பு மேலே ஓடாது. பிறகு வெடிப்பு நெடுக அரத்தால் V வடிவில் அராவுங்கள். கிரைண்டர் வேண்டாம். அது வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கிராஃபைட்டை (காபனை) மேலே இழுத்துப் பூசிவிடும், பித்தளை ஒட்டாது. பல வருட எண்ணெய் வேறு உள்ளே ஊறியிருக்கும். சூடாக்கினால் கறுப்பாகக் கசியும். துடைத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். நான் நாலு தரம் செய்தேன். எங்கள் கடற்காற்றுக்கு, காலையில் அராவிய இடம் பின்னேரம் துருப்பிடித்து நிற்கும். ஆகவே அன்றைக்கே ஒட்டிவிடவேண்டும்.

காஸ் சுவாலையால் முழுப் பாகத்தையும் ஒரே சீராக, மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி, வெங்காரம் (போராக்ஸ்) தூவிக் கம்பியை வையுங்கள். பித்தளை தண்ணீர் போலப் பரவினால் சரி. உருண்டையாக நின்றால் சுத்தம் போதாது. வெள்ளைப் புகை வந்தால் சூடு கூடிப் பித்தளையிலுள்ள நாகம் (துத்தநாகம்) எரிகிறது என்று அர்த்தம், அதைச் சுவாசிக்கக்கூடாது. முடிந்ததும் தம்பலகாமத்து நெல் ஆலையிலிருந்து கொண்டுவந்த உமிச் சாம்பலுக்குள் புதைத்தோம். காலையில் எடுத்தபோதும் கை பொறுக்கும் சூடு இருந்தது.

காஸ் வசதி இல்லையென்றால் நிக்கல் ரொட்டால் ஆர்க் வெல்டிங். ஒரு தரத்துக்கு ஓர் அங்குலம் மட்டும் போட்டு, உடனே சுத்தியலால் மெல்லத் தட்டி, கை வைக்கலாம் என்ற அளவுக்கு ஆறவிட்டு அடுத்த அங்குலம். அவசரக்காரருக்கு ஒத்துவராது.

எங்கள் பிராக்கெட் இன்றும் ஓடுகிறது. அந்த நட்டுக்கென்று குட்டி ஸ்பனர் ஒன்றை லேத்திலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.