டாக்டரைக் கேளுங்க: ரப்பர் கம்பெனி வேலையும் செவப்பா போற யூரினும்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வீட்டுக்காரர் கப்பலூர்ல ஒரு ரப்பர் கம்பெனில மிக்ஸிங் செக்‌ஷன்ல 17 வருஷமா இருக்கார், அவர் பனியனை ஊறப்போட்டா வாளித்தண்ணி மை மாதிரி கருத்துரும். போன மாசம் ரெண்டு தடவ யூரின் செவப்பா போச்சுன்னார், வலி எதுவும் இல்ல, சூடா இருக்கும்னு இளநீர் குடிச்சார், நின்னுருச்சு. கம்பெனிக்கு வாரம் ஒருநாள் டாக்டர் வர்றார், அவர்ட்ட சொல்லுங்கன்னா என் வேலைக்கு வேட்டு வைக்கப் பாக்குறியான்னு கத்துறார். என்ன செய்ய? - பேர் வேணாம், திருமங்கலம்

பதில்: தங்கச்சி, நின்னுருச்சுன்னு விட்றாதீங்க. சூட்டுக்கடுப்புன்னா எரியும், வலிக்கும். வலியே இல்லாம ரத்தம் போறது மூத்திரப்பை கேன்சரோட முதல் அடையாளமா இருக்கலாம், அது விட்டு விட்டுத்தான் வரும். கல்லாவும் இருக்கலாம், இன்ஃபெக்‌ஷனாவும் இருக்கலாம், பாத்தாத்தான் தெரியும், அதனால இந்த வாரமே பெரியாஸ்பத்திரி யூராலஜிக்கோ ஈ.எஸ்.ஐ.க்கோ கூட்டிட்டுப் போங்க. யூரின் டெஸ்ட், ஸ்கேன், அப்புறம் சின்னக் குழாய் விட்டு மூத்திரப்பைக்குள்ள பாப்பாங்க. ஆரம்பத்துல பிடிச்சா பெரும்பாலும் அந்தக் குழாய் வழியாவே கட்டியை எடுத்துரலாம். உள்ள போனதும் மொத வார்த்தையா "17 வருஷம் ரப்பர் மிக்ஸிங்"னு சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. பீடி சிகரெட் பழக்கம் இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க, இந்த கேன்சருக்கு அதுவும் பெரிய காரணம்.

ரப்பர் தயாரிப்பு வேலையவே கேன்சர் வரவைக்கக்கூடியதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு சொல்லியிருக்கு, மூத்திரப்பை, நுரையீரல், ரத்தம்னு. இது நேத்து தெரிஞ்ச விஷயமும் இல்ல, 1895லயே லுட்விக் ரேன்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் தன்கிட்ட மூத்திரப்பைக் கட்டியோட வந்தவங்கள்ல சில பேர் சாயம் தயாரிக்கிற ஃபேக்டரி ஆளுங்களா இருக்காங்களேன்னு கவனிச்சு எழுதினார். அவர் செஞ்சது ஒண்ணுதான், என்ன வேலை பாக்குறேன்னு கேட்டார். கம்பெனி டாக்டரோட வேலையும் அதுதான்மா. நானும் ஒரு ஃபேக்டரிக்குப் போய்ட்டு இருந்தவன்தான், ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல உக்காந்து பிரஷர் பாத்து மாத்திரை குடுத்தா மட்டும் போதாது, ஷெட்டுக்குள்ள நடக்கணும், எந்தப் பொடியை எவன் வெறுங்கையால கொட்டுறான், காத்தை இழுக்குற ஃபேன் ஓடுதா, அதே கையோட டீ குடிக்கிறானான்னு கண்ணால பாக்கணும். டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாக்க ரெண்டு நிமிஷம் ஆகாது, புகையிலை ஒதுக்குற கன்னத்துல வாய் கேன்சரா மாறக்கூடிய வெள்ளைப்பட்டை இருந்தா அப்பவே தெரிஞ்சுரும். வேலையால வர்ற மூத்திரப்பை கேன்சர் மாதிரி நோய் வெளிய தெரிய பத்து இருபது வருஷத்துக்கு மேலகூட ஆகும், ரிட்டயர் ஆனப்புறம் வந்தா யாரு அதை வேலையோட சேத்துப் பாக்கப்போறா, அதனாலதான் ஒவ்வொருத்தருக்கும் எந்த செக்‌ஷன், எத்தன வருஷம்னு எழுதி வைக்கணும்ங்கறேன்.

வேலை பயம் நியாயம்தான். ஆனா ஈ.எஸ்.ஐ.ல கேன்சருக்கு நீண்டகால நோய் உதவின்னு இருக்கு, தகுதி இருந்தா சம்பளத்துல 80 சதவீதம் ரெண்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும், நோய் உதவி வாங்குற காலத்துல வேலைய விட்டு நிறுத்தக் கூடாதுன்னு ஈ.எஸ்.ஐ. சட்டத்துல இருந்துச்சு, இப்ப எப்படின்னு ஈ.எஸ்.ஐ. ஆபீஸ்ல கேட்டுக்குங்க. இதை அவர்ட்ட பொறுமையா எடுத்துச் சொல்லுங்க.

ரிப்போர்ட் வந்ததும் என்ன வந்திருந்தாலும் ஒரு காப்பி அந்தக் கம்பெனி டாக்டர் கைல குடுக்கச் சொல்லுங்க, அதே மிக்ஸிங் செக்‌ஷன்ல வேற யாருக்கும் இப்படிப் போகுதான்னு அவர் போய்க் கேக்கணும்.