முகப்பில் எந்த விளையாட்டு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் சிலர் சேர்ந்து வீடியோ கேம்களுக்காக ஒரு மின்னிதழ் தொடங்குகிறோம். முதல் இதழின் முகப்பில் பழைய ஆர்பிஜி (ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கதை கேம்) ஒன்றைப் பற்றிய கட்டுரை வரவேண்டும் என்று முடிவு. கைவசம் மூன்று இருக்கின்றன: ஃபைனல் ஃபேன்டஸி 7, ப்ளேன்ஸ்கேப்: டார்மென்ட், க்ரோனோ ட்ரிகர். எல்லாருக்கும் தெரிந்த பெயர் என்பதால் முதலாவதையே போடலாம் என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்றையும் இணைத்திருக்கிறேன். நீங்கள் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

மூன்றையும் படித்தேன். க்ரோனோ ட்ரிகரைப் போடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி 7, 1997இல் பிளேஸ்டேஷனுக்கு மூன்று சிடிகளில் வந்து ஒரு கோடிக்கும் மேல் விற்ற கேம். ஜப்பானிய ஆர்பிஜிகளுக்கு வெளிநாடுகளில் பெரிய கூட்டத்தைச் சேர்த்துக்கொடுத்ததும் அதுதான். ஆனால் உங்களிடம் உள்ள கட்டுரை பாதிக்கு மேல் விற்பனையையும் கிராபிக்ஸையும் பேசுகிறது. கதையின் முக்கியப் பாத்திரமான ஏரித் சாகும் இடம் வந்ததும், மறக்க முடியாத காட்சி என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. விளையாடாதவருக்கு அது எப்படிப் புரியும்?

டார்மென்ட் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பிணவறையில் கண்விழிக்கும் ஒருவன், தன் பெயர்கூட நினைவில்லாதவன், செத்தாலும் மறுபடி எழுபவன். கட்டுரையும் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அந்த கேமின் பலம் பெரும்பாலும் வசனத்தில் இருப்பதால், படித்து முடிக்கும்போது ஒரு நாவலைப் பற்றிப் படித்ததுபோல இருக்கிறது. அடுத்த இதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் கேம்களைப் பற்றி ஓர் இதழ் தொடங்கும்போது, கேமால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்றை முதல் பக்கத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

க்ரோனோ ட்ரிகரின் நீதிமன்றக் காட்சி அப்படிப்பட்டது. கி.பி. 1000, கார்டியா நாட்டில் ஆயிரமாண்டுத் திருவிழா. நாயகன் க்ரோனோ ஒரு பெண் மீது மோதிவிடுகிறான், அவளுடைய பதக்கம் தெறித்து விழுகிறது. நாம் முதலில் பதக்கத்தை எடுக்கிறோமா, அவளிடம் பேசுகிறோமா? பக்கத்தில் யாரோ ஒரு பெரியவரின் சாப்பாடு இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் க்ரோனோ அதைச் சாப்பிட்டுவிடுவான். ஆர்பிஜி ஆடுபவர்கள் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பழகியவர்கள், யோசிக்கவே மாட்டார்கள். அப்புறம் கதை காலம் கடந்து எங்கெங்கோ போய்த் திரும்புகிறது, இளவரசியான அந்தப் பெண்ணைக் கடத்தியதாக க்ரோனோ கூண்டில் நிற்கிறான். அப்போது அந்தச் சாப்பாடு சாட்சியாக வருகிறது. பதக்கமும் வருகிறது. தொலைந்த பூனையை ஒரு சிறுமியிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தால் அதுவும் நம் பக்கம் நின்று பேசும். க்ரோனோ வாய் திறந்து பேசாத நாயகன், ஆகவே விசாரிக்கப்படுவது நாம்தான். தீர்ப்பு எதுவானாலும் சிறைக்குத்தான் போகிறோம் என்பது வேறு விஷயம். ஆனாலும் அந்தக் கூண்டில் ஏற்படும் கூச்சம் உண்மையானது.

உங்கள் கட்டுரையாளர் இதை ஆறாவது பத்தியில் வைத்திருக்கிறார். முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். இப்போது முதலில் இருப்பது உருவாக்கியவர்களின் பட்டியல். ஃபைனல் ஃபேன்டஸியின் ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டின் யூஜி ஹோரி, டிராகன் பால் வரைந்த அகிரா டோரியாமா என்று மூவரும் சேர்ந்தது 1995இல் பெரிய செய்திதான். டோரியாமா 2024இல் காலமானதால் அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே எழுதலாம். ஆனால் அதெல்லாம் பின்னால் வரட்டும்.

கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்று, க்ரோனோவோடு பயணிக்கும் ரோபோ என்ற இயந்திரத் தோழனின் காடு. கி.பி. 600இல் பாலைவனமாகிப்போன நிலத்தில் ஃபியோனா என்ற பெண் காடு வளர்க்க முயல்கிறாள். ஒரு மனித ஆயுளுக்குள் முடிகிற வேலை இல்லை. ரோபோ தான் இருந்து செய்வதாகச் சொல்கிறது. அதை விட்டுவிட்டு நாம் காலக் கப்பலில் ஏறி 1000ஆம் ஆண்டுக்குப் போகிறோம். நமக்குச் சில நொடிகள், ரோபோவுக்கு நானூறு ஆண்டுகள். இறங்கிப் பார்த்தால் வரைபடத்தில் மணல் இருந்த இடம் பச்சையாக இருக்கிறது. ரோபோ துருப்பிடித்து, அசைவில்லாமல், வழிபாட்டுப் பொருளாக நிற்கிறது. காலப் பயணக் கதைகள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்தச் சில நொடிகளை நம் கையாலேயே கடந்து வந்திருப்பதால்தான் இது இப்படி உறுத்துகிறது. இதற்கு இரண்டு பத்தியாவது கொடுக்கச் சொல்லுங்கள்.

க்ரோனோ நடுவழியில் இறப்பதைக் கட்டுரை சொல்லிவிடுகிறது, அதை எடுத்துவிடலாமா என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். வேண்டாம். முப்பது ஆண்டுப் பழைய கேம், ரகசியம் காக்க வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது. தவிர, முக்கியமான விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அவனை உயிர்ப்பிப்பது கட்டாயமில்லை. நாயகன் இல்லாமலேயே இறுதி எதிரியான லாவோஸை வென்று கேமை முடிக்கலாம், அதற்கென்று தனி முடிவு உண்டு. நாயகனை மீட்பதா வேண்டாமா என்பதை நம்மிடமே விட்ட துணிச்சலைக் கட்டுரை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இசை பற்றிய பத்தி சரியாக இருக்கிறது. யசுனோரி மிட்சுடா வயிற்றுப் புண்ணால் படுத்துவிட, மீதியை நோபுவோ உயேமட்சு முடித்துக்கொடுத்த தகவலும் இருக்கிறது. விளையாட நினைப்பவர்களுக்காகக் கடைசியில் ஒரு குறிப்பு மட்டும் சேருங்கள். 2018இல் கணினி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் வந்தபோது செல்பேசிப் பதிப்பை அப்படியே போட்டுவிட்டார்கள் என்று பலத்த எதிர்ப்பு இருந்தது, பிறகு திருத்தங்கள் வந்தன. பழைய விமர்சனங்களைப் பார்த்துவிட்டு யாரும் வாங்காமல் இருந்துவிட வேண்டாம்.

திருத்திய பிரதியை அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.