குழுக் கூட்டத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு

கேள்வி: என் மகன் பஞ்சாயத்து யூனியன் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் டீ தருகிறார்கள், பதிவேட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள், அவ்வளவுதான். சில சமயம் பக்கம் காலியாகவே இருக்கும். 64 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. கேட்டால் என் பையனிடம் கோபத்தைக் காட்டுவார்களோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நானும் தலைமை ஆசிரியராக இருந்தவன்தான். அந்தக் காலிப் பக்கம் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். கூட்டம் நடந்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும், தீர்மானத்தைப் பிறகு நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் நினைப்பு. பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருக்காது, சோம்பல்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் என்ன எழுதப்படுகிறதோ அதுதான் உங்கள் குழுவின் குரல். அதனால் முதல் வேலை, காலிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவதை நிறுத்துவது. சண்டை வேண்டாம். “சார், எழுதி முடிங்க, படிச்சுட்டுப் போடுறேன்” என்றால் போதும்.

உங்களைக் குழுவில் சேர்த்தது யாரும் செய்த உபகாரம் இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது எல்லாம் குழுவின் வேலை என்று சட்டமே சொல்கிறது. அரசுப் பள்ளிக்கு இது முழுமையாகப் பொருந்தும். உதவி பெறும் பள்ளியிலும் குழு உண்டு, ஆனால் அங்கே அது ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். உதவி பெறாத தனியார் பள்ளிக்குப் பொருந்தாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இந்தக் குழு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் ஆசிரியர்களிலேயே உண்டு.

பையனைப் பற்றிய பயம் நியாயமானது. அதற்காகத்தான் தனி ஆளாகப் போய்க் கேட்காதீர்கள் என்கிறேன். கூட்டத்துக்கு முன்பே இரண்டு மூன்று தாய்மார்களிடம் பேசிவையுங்கள். தீர்மானம் என்று வந்துவிட்டால் அதைக் கேட்டது நீங்கள் இல்லை, குழு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியரை எதிராளியாக நினைக்காதீர்கள். தண்ணீர் வரவில்லை என்று அவரே நாலு தடவை வாய்மொழியாகச் சொல்லி அலுத்துப்போயிருக்கலாம். தனி ஆளாக அவர் கேட்டால் அது கோரிக்கை. அதையே இருபதுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதைத் தள்ளிவைக்கிற அதிகாரி பதில் சொல்ல வேண்டிவரும். நான் பணியில் இருந்தபோது சுற்றுச்சுவருக்காக மூன்று வருடம் கடிதம் எழுதினேன். குழுத் தீர்மானம் கூடப் போன பிறகுதான் அளவெடுக்கவே ஆள் வந்தார்.

இனி கழிப்பறை. “கழிப்பறை வசதி செய்துதரக் கோரித் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. அதைப் படிக்கிற அலுவலருக்கு என்ன செய்ய வேண்டும் என்றே புரியாது. கூட்டத்துக்கு முதல் நாள் நீங்களே போய்ப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் ஏறுகிறதா? ஏறினால் குழாயில் ஏன் வரவில்லை? மோட்டார் பழுதா, குழாய் உடைப்பா, அல்லது சாவி யாரிடமாவது இருக்கிறதா? (கடைசிக் காரணத்தை நம்ப மாட்டீர்கள், பல ஊரில் அதுதான்.) பார்த்ததை இப்படி எழுதச் சொல்லுங்கள்: “பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தொட்டியிலிருந்து வரும் குழாய் ஜூன் மாதம் முதல் உடைந்துள்ளது. 31 மாணவிகள் பயன்படுத்த முடியவில்லை. சுமார் 10 மீட்டர் குழாயும் ஒரு வால்வும் மாற்ற வேண்டும். மானியத்திலிருந்து உடனே செய்யவும், தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஏற்ற ஊராட்சியைக் கேட்கவும் தீர்மானிக்கப்பட்டது.” என்ன, எத்தனை, எப்போதிருந்து, யார் செய்ய வேண்டும் என்ற நான்கும் இருந்தால் அது தீர்மானம்.

மானியம் என்றேனே, அதையும் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிமுறைப்படி 31 முதல் 100 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரையில் பள்ளி மானியம். 101 முதல் 250 வரை என்றால் 50,000. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்க வேண்டும். உங்கள் பள்ளிக்கு அது 2,500 ரூபாய், ஒரு குழாயும் வால்வும் அதற்குள் முடியும். கணக்கைக் கேட்கும்போது குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். பணம் வந்து சேர்வதற்கு முன்பே சாக்பீஸ், துடைப்பம் என்று கைக்காசு போட்டிருப்பார் தலைமை ஆசிரியர். “இந்த வருஷம் எவ்வளவு வந்தது, எதுக்குப் போச்சு, கூட்டத்துல படிச்சிருங்க சார்” என்பதே போதும். நேர்மையானவர் சந்தோஷமாகப் படிப்பார்.

ஆசிரியர் விஷயத்தில் உங்கள் கையில் ஒரு நல்ல எண் இருக்கிறது. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. 64 என்றால் மூன்றாவது ஆசிரியர் உங்கள் உரிமை. ஆனால் பணியிட நிர்ணயத்துக்கு, அதாவது பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவுசெய்வதற்கு, தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதிப் பதிவைத்தான் பார்ப்பார்கள். அன்றைக்கு எண்ணிக்கை 60-க்கு இறங்கியிருந்தால் உங்கள் வாதம் போயிற்று. அதனால் ஜூன், ஜூலையில் சேர்க்கைக்கு ஊருக்குள் வீடு வீடாகப் போவது குழு செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை. எண்ணிக்கையைக் குறிப்பிட்ட தீர்மானத்தை வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். கட்டடம், தண்ணீர் என்றால் ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். ஆசிரியர் வேண்டும் என்ற மனுவை ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; அவரால் செய்ய முடியாது. அனுப்பியதற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியிலும் (போனில் இயங்குவது) பதிவேற்றச் சொல்லுங்கள். நகரவில்லையென்றால் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பள்ளியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆகவே பேசினால் தனியாகத் தெரியும். அதற்கும் மேல், சட்டத்தின் 32-ஆம் பிரிவில் எழுத்துப் புகார் கொடுத்தால் உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கல்வித் துறை உதவி எண் 14417.

நன்கொடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் விரைவில் யாராவது அந்தப் பேச்சை எடுப்பார்கள். ஊர் கூடிப் பள்ளிக்குச் செய்வது நமக்குப் புதிதல்ல. 1950-களின் இறுதியில் அன்றைய கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் பெஞ்சும் கட்டடமும் கொடுத்தார்கள். இன்றைக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக முன்னாள் மாணவர்கள் கொடுக்கலாம். கொடுக்கட்டும். ஆனால் பெற்றோரிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூல் வேண்டாம், கூலிக்குப் போகிற வீட்டில் அது வலிக்கும். அரசு தர வேண்டிய மூன்றாவது ஆசிரியருக்கு ஊரே சம்பளம் கொடுக்கிற ஏற்பாட்டுக்கும் நான் ஒப்ப மாட்டேன். ஒரு வருடம் கொடுத்துப் பழகிவிட்டால் அந்த இடம் காலி என்பதையே மறந்துவிடுவார்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பேனா எடுத்துக்கொண்டு போங்கள். தீர்மானத்தின் கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால் குறுக்கே கோடு போடச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.