பள்ளி விளையாட்டுப் படம்: பத்திரிகை கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பும் வேலையும் என் தலையில்தான். முன்பெல்லாம் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் போட்டி என்றால் பத்திரிகை புகைப்படக்காரர் வந்துவிடுவார். இப்போது நிருபர்கள், "படத்தையும் நீங்களே அனுப்பிருங்க சார், ஆறு மணிக்குள்ள" என்கிறார்கள். நான் செல்போனில் எடுத்தது, ஸ்டுடியோக்காரர் எடுத்தது, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டது என்று கையில் இருப்பதை அனுப்புகிறேன். என் பெயர் வருவதில்லை. ஒருமுறை வேறு யாரோ பெயர் வந்திருந்தது. போன வருடம் அனுப்பிய மாணவியர் கபடி அணியின் படம், இப்போது அதே பத்திரிகையில் ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரமாக வந்திருக்கிறது. ஒரு பெண்ணின் அப்பா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். படம் கொடுத்தே ஆக வேண்டுமா? உரிமை யாருக்கு? பணம் கேட்கலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நிருபர் கேட்பது உதவி. படம் இல்லாவிட்டால் செய்தி மூன்று வரியாகச் சுருங்கிவிடும், தாளாளர் உங்களைக் கேட்பார். அது வேறு நெருக்கடி.

நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது, அனுப்பிய படமெல்லாம் உங்களுடையதா என்பதைத்தான். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளி. பொதுவாக உரிமையும் அவருக்கே. பதிவு செய்ய வேண்டிய அவசியம்கூட இல்லை, எடுத்த கணத்திலேயே உரிமை வந்துவிடும். ஆனால் 17-வது பிரிவில் சில விதிவிலக்குகள் இருக்கின்றன. பள்ளி காசு கொடுத்து ஸ்டுடியோக்காரரை வரவழைத்து எடுத்த ஆண்டு விளையாட்டு விழாப் படங்களுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, பள்ளியே முதல் உரிமையாளர். பெற்றோரோ பழைய மாணவரோ ஆசைக்கு எடுத்து குரூப்பில் போட்டது அவருடையது. குரூப்பில் போட்டதால் ஊருக்கே கொடுத்துவிட்டதாக ஆகாது. அதை அவரிடம் கேட்காமல் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தால், தவறு நம் பக்கமும் இருக்கிறது.

நீங்கள் சொந்த செல்போனில் எடுத்தவைதான் வாதத்துக்கு இடமானவை. வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவது நிர்வாகத்துக்குச் சேரும் என்கிறது அதே பிரிவு. தலைமையாசிரியர் உங்களைப் பத்திரிகைத் தொடர்புக்குப் பொறுப்பாக எழுத்தில் நியமித்திருந்தால் பள்ளியின் பக்கம் வலுவாக இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல், பிள்ளைகளைப் பயிற்றுவிப்பது மட்டுமே உங்கள் வேலையாக இருந்தால், படம் உங்களுடையது என்று வாதிடலாம். இதற்காக நிர்வாகத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு பக்கக் கடிதத்தில் யாருக்கு என்ன உரிமை என்று எழுதி வாங்கிக்கொண்டால் போதும்.

பெயர் விஷயத்தில் உங்களுக்கு இன்னும் பலம் இருக்கிறது. உரிமை பள்ளிக்கே போனாலும், "இதை எடுத்தவன் நான்" என்று சொல்லும் உரிமையை 57-வது பிரிவு எடுத்தவரிடமே வைத்திருக்கிறது. வேறு யாரோ பெயரில் வந்ததைத் திருத்தச் சொல்லிப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு நீங்கள் தாராளமாக எழுதலாம். நிருபரிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லிப் பயனில்லை. பாவம், பக்கம் அமைப்பது அவர் இல்லை.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். போட்டிச் செய்திக்கு என்று நீங்கள் அனுப்பியபோது, அந்தச் செய்தியோடு வெளியிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவுதான். உரிமையை மாற்றிக்கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. வாட்ஸ்அப்பில் படத்தோடு ஒரு கும்பிடு பொம்மை போட்டது அந்தக் கணக்கில் வராது. நடப்புச் செய்திக்காக நியாயமாகப் பயன்படுத்தினோம் என்ற விலக்கும் விளம்பரத்துக்குப் பொருந்தாது. பத்திரிகை, பயிற்சி மையம் இரண்டுமே பதில் சொல்ல வேண்டியவர்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா சத்தம் போட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் பெயரையோ முகத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994-ல் சொல்லியிருக்கிறது. சொன்ன வழக்கு, தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை வெளியிடுவதற்காக நக்கீரன் பத்திரிகை ஆசிரியர் ராஜகோபால் தமிழ்நாடு அரசுக்கு எதிராக நடத்திய வழக்கு. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பத்திரிகைக்காரர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் தீர்ப்பு. அதன் இந்தப் பகுதியையும் அவர்களுக்கு நினைவூட்டலாம்.

ஆகவே கபடிப் படத்தை எடுத்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். உரிமை யாரிடமோ அவர் பெயரில் வக்கீல் நோட்டீஸ் போகட்டும்: விளம்பரத்தை நிறுத்த வேண்டும், வருத்தம் வெளியிட வேண்டும், பயன்படுத்தியதற்கு இன்ன தொகை தர வேண்டும் என்று. பெற்றோர் தனியாக எழுதலாம். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம், பத்திரிகையின் தலைமையகம் சென்னையில் இருந்தாலும் சரி. 62-வது பிரிவு வழக்காடுபவர் வசிக்கும் இடத்தில் தொடுக்க அனுமதிக்கிறது. இழப்பீட்டுக்கு மூன்று ஆண்டு கெடு. குற்ற வழக்குக்கும் சட்டத்தில் வழியுண்டு, ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை தண்டனை. ஒரு கபடிப் படத்துக்காக காவல் நிலையப் படியேற நான் சொல்ல மாட்டேன்.

சான்றுக்கு, அசல் படம் எடுத்த செல்போனிலேயே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும்போது படம் சுருங்கும், எடுத்த தேதி நேர விவரங்களும் உதிர்ந்துபோகும். ஆவணமாக அனுப்பினால் அவை இருக்கும். மின்னஞ்சல் இன்னும் நல்லது.

பணம் கேட்கலாம், முன்கூட்டியே பேசிக்கொண்டால். இலவசமாக அனுப்பி, அச்சான பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் உங்கள் பெயரில் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்; சம்பளம் வாங்கும் ஆசிரியருக்கு அது வேறு தலைவலி. பெயர் போடுவதையே நிபந்தனையாக வைப்பது நம்மூர் நடப்புக்கு ஏற்றது.

அப்புறம், பிள்ளைகள். 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் சம்மதத்தையும் கேட்கிறது. போட்டிக்குப் பெயர் கொடுக்கும் படிவத்திலேயே "படம் செய்திக்காக வெளியிடப்படலாம்" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மறுக்கும் பெற்றோரின் பிள்ளை இல்லாத படத்தை அனுப்புங்கள். படக்குறிப்பில் பெயர், வகுப்பு போதும். தெருப் பெயர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்தில் தெருவைச் சொன்னால் வேறு என்னவெல்லாம் தெரிந்துவிடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. ஏதாவது அடிதடியிலோ பாலியல் குற்ற வழக்கிலோ மாணவர் சம்பந்தப்பட்டால், "பழைய டீம் போட்டோ இருக்கா சார்?" என்று போன் வரும். கொடுக்காதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவும் அந்தப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கின்றன. அணிப்படத்தில் ஒரு முகத்தை வட்டமிடுவதும் அடையாளம்தான்.

இனி ஒவ்வொரு படத்தோடும் இதை ஒட்டி அனுப்புங்கள்: "இந்தப் போட்டிச் செய்தியோடு ஒருமுறை வெளியிட மட்டும். படம்: (எடுத்தவர் பெயர்). விளம்பரத்துக்கோ வேறு செய்திக்கோ பயன்படுத்தப் பள்ளியின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்." ஏதாவது பத்திரிகை "அனைத்து உரிமைகளும் எங்களுக்கே" என்று படிவம் நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் தாளாளரிடம் காட்டுங்கள். காலம் குறிப்பிடாத படிவத்தில் கையெழுத்திட்டாலே உரிமை ஐந்து ஆண்டுக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.