மனேஜரிடம் ஓட்டிசம் பற்றிச் சொல்வதா?

தம்பி, ஓட்டிசம் என்று உறுதியானதை நல்லூர்க் கந்தோரில் மனேஜருக்குச் சொல்வதா, விடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஓட்டிசம் என்ற பெயரைச் சொல்லாமல் தேவையை மட்டும் கேளுங்கள். "வாயால் சொல்லுற வேலை எனக்குத் தவறிப்போகுது, வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கோ", "கவுண்டர்ச் சத்தத்தில் கணக்குப் பிழைக்குது, பின்மேசை தாங்கோ." பலருக்கு இதுவே காணும். மறுத்தால், அல்லது எச்சரிக்கைக் கடிதம் வரும் போலிருந்தால், அப்போது சொல்லுங்கள். மனேஜருக்கு மட்டும், தனியே. வைத்திய அறிக்கை கேட்டால் முடிவுப் பக்கத்தின் பிரதி போதும். சிறுவயது விபரம், வீட்டு விபரமெல்லாம் மற்றப் பக்கங்களில் கிடக்கும், அது அவருக்கெதற்கு? "வேறு ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம்" என்பதை அன்றே எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

சட்டத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் அதன் வரைவிலக்கணம், வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ ஓரளவோ தானே பார்த்துக்கொள்ள இயலாதவரைக் குறிக்கிறது. உழைக்கிற உங்களுக்கு அது பொருந்தாது என்று வாதாட இடமுண்டு.

அம்மாவுக்குச் சொன்னால் மாமிமாருக்கும் சொன்ன கணக்குத்தான். கலியாணப் பேச்சு வந்தால் தரகரிடம் வேண்டாம். நாள் வைக்க முன்னம் பெண்ணிடமே நேரே சொல்லுங்கள்.